கன்வர்ட் ஓடும் நேரத்தில் மகளுக்கு எழுதியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தா எழுதுகிறேன். உனக்கும் பெரியம்மா வீட்டில் எல்லோருக்கும் சலாம். நீ கிருஷ்ணகிரிக்குப் போய் இன்றோடு நாலு நாள் ஆகிறது. நிச்சயதார்த்தப் புடவை எடுக்கப் போன பெண்ணுக்கு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற அப்பன் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறானே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். போனில் பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், நீ "சரித்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதோடு போயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு நேரமும் இருக்கிறது. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மிஷினில் கன்வர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிடக் கல்யாண வீடியோ, சிடியில் போடுகிற எம்பெக்காக மாற நாலு மணி நேரம் ஆகும் என்று நீ எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். இதுவரை பதினெட்டு சதவீதம் காட்டுகிறது.

இந்த அறையில் இத்தனை நேரம் நான் உட்கார்ந்ததே இல்லை. டேப்பைக் கொண்டுவந்து உன் மேஜையில் வைப்பேன், "எப்பம்மா முடியும்?" என்று கேட்பேன், போய்விடுவேன். இப்போதுதான் தெரிகிறது, இதில் முடிவது என்று ஒன்று கிடையாது. வீசிஆரில் டேப்பை ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினால், டேப் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் கூடவே இருக்க வேண்டும். ஏவிஐ ஃபைல் இரண்டு ஜிபி ஆனதும் மக்கர் பண்ணி நின்றுவிடும். அதை மாற்ற வேண்டும், மாற்றியதைப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் பழையதை அழித்து அடுத்த இருபது நிமிடத்துக்கு இடம் பண்ண வேண்டும். நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும், ஓடிப் போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து. நேற்று லுஹர் தொழக்கூட எழுந்து போக முடியவில்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். போகும்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக நீயும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய், நான் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

எண்பதுகளில் நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் லைனில் நின்றது உனக்குத் தெரியும். ஒண்ணுக்குப் போக வேண்டுமானால்கூட கையைத் தூக்க வேண்டும், மாற்று ஆள் வந்து நம் இடத்தில் நின்றால்தான் நகர முடியும். ஒரு நாள் அந்த ஆள் வரவே இல்லை. அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை உன் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இனி என் வீட்டில் யாரும் இப்படி நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் வேலையை விட்டேன், கேமராவைத் தூக்கினேன். பெரிய வீரன் மாதிரி அதைப் போகிற வருகிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். கடைசியில் என் மகளுக்கு நானே ஒரு லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டால் மானிட்டர் தெரியாது, தூசி வந்தால் மிஷின் கெட்டுப்போகும் என்று இந்த அறை ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்தவனும் நான்தான். நேற்று சாயங்காலம் அசர் பாங்கு கேட்டபோது, இப்போதுதானே காலை டீ குடித்தோம் என்று நினைத்தேன்.

நீ பி.எஸ்சி கம்ப்யூட்டர் முடித்து வந்தபோது, ஒரு சீசன் மட்டும் உதவி பண்ணு என்றுதான் கேட்டேன். நான் பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தேன். அந்த வருடம்தான் வீட்டுக்கு வீடு விசிடி பிளேயர் வர ஆரம்பித்தது. விஹெச்எஸ் கேசட்டைக் கொடுத்தால் மூஞ்சியைச் சுளித்தார்கள். நம் ஜனங்களின் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் உன் அம்மா கேமரா பிடிப்பாள், அந்த டேப் வேறு ஆண் கண்ணில் படாமல் உன் கையில் வரும், உன் கையிலிருந்து சிடியாக அந்த வீட்டுக்குப் போகும். "ஓசூர்ல பாய் கடையில குடுத்தா பொம்பளைங்க பக்கம் பொம்பளைங்கதான் பாக்கறாங்கோ" என்று தேன்கனிக்கோட்டை, சூளகிரி வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சுதான் நம் கடை. எனக்கு அது பிடித்திருந்தது. பெருமையாகவும் இருந்தது. நீ பெங்களூர் போய் வேலை தேடுகிறேன் என்று சொன்னபோதெல்லாம், நோன்பு வரைக்கும் பாரு என்றேன். நோன்பு முடிந்ததும், பெருநாள் கழியட்டும் என்றேன். நீ போனால் பெண்கள் பக்கத்து டேப்பை யாரிடம் கொடுப்பது என்ற பயத்தை, பெங்களூர் ரொம்ப தூரம் என்று சொல்லி மறைத்தேன். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பக்கத்து மூக்கண்டப்பள்ளியில் இருந்து தினமும் எத்தனை பேர் போய்வருகிறார்கள்!

உனக்கு ஞாபகம் இருக்கும், சவூதியில் இருந்த அந்த மனிதர். மகள் நிக்காஹுக்கு லீவு கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டவர். அவர் ஊரிலிருந்து ஒருவர் அன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறார், நிக்காஹ் நடந்த ஐந்து நிமிடமாவது சிடியில் போட்டுக் கொடுங்கள் என்று வீட்டார் வந்து நின்றார்கள். நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். எழுப்ப வேண்டாம், இதென்ன பெரிய வித்தை என்று நானே உட்கார்ந்தேன். விசிடியைத் திறந்து பார்த்தால் ஃபைல் பெயர் டாட் டேட் என்று முடிவதைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் இருந்ததோ டாட் ஏவிஐ. பெயரின் வாலைத் தட்டி டேட் என்று மாற்றினேன், சிடியில் எழுதினேன், கொடுத்தனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலைக்கா இந்தப் பெண் நாலு மணி நேரம் எடுக்கிறாள் என்று வேறு நினைத்தேன். நாலாம் நாள் அவர் போன் பண்ணினார். ரூமில் இருந்த பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பிளேயரில் போட்டால் சிடியே இல்லை என்று காட்டுகிறதாம். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொண்ணு எடிட்டிங்ல தப்பு பண்ணிடுச்சுங்க, சின்னப் புள்ள, மன்னிச்சுக்கோங்க."

நீ உள்ளேதான் இருந்தாய். கேட்டாய். வந்து ஃபைலைத் திறந்து பார்த்தாய், வாலைப் பழையபடி மாற்றினாய், முறையாக எம்பெக் பண்ணி வேறு சிடி போட்டுக் கொடுத்தாய். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், அவ்வளவுதான். மறுநாள் நான் சாப்பிடும்போது, யாரையோ பற்றிப் பேசுவது போல ஆரம்பித்தாய். "அத்தா, ஏவிஐன்றது டிபன் பாக்ஸ் மாதிரித்தா. உள்ள சோறும் இருக்கலாம், சப்பாத்தியும் இருக்கலாம். மேல பேரை மாத்தி எழுதுனா உள்ள இருக்கறது மாறாது. விசிடி பிளேயரு எம்பெக் மட்டும்தான் திங்கும்." உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க அது நல்ல சமயம். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த மனிதருக்கும் நேற்று போன் போட்டு, தப்பு பண்ணியது நான்தான், என் மகள் இல்லை என்று சொன்னேன். அவருக்கு அது மறந்தே போயிருந்தது. "இப்ப எதுக்கு பாய் இத சொல்றீங்க?" என்றார்.

இதைச் சொன்னது எதற்கென்றால், இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. போன வருடம் பேப்பரில் விளம்பரம் பார்த்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு நீ எழுதிப் போட்டாய் அல்லவா? பழைய பள்ளிப் பாடக் கேசட்டுகளை எல்லாம் சிடியாக மாற்றுகிற இடம். பதிலே வரவில்லை என்று இரண்டு மாதம் காத்திருந்தாய், பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டாய். பதில் வந்தது, பாப்பா. கடை நம்பருக்கு ஒரு அம்மா கன்னடத்தில் போன் பண்ணினார். "இன்டர்வியூக்கு பரபேக்கு, அவரு இத்தாரா சார்?" இன்டர்வியூவுக்கு வர வேண்டும், நீ இருக்கிறாயா என்று கேட்டார். நீ பத்தடி தள்ளி இந்த அறையில்தான் இருந்தாய். கதவு சாத்தியிருந்தது. நான், "இல்லம்மா, அவளிகெ மதுவே ஃபிக்ஸ் ஆகிதெ, அவளு பரல்ல" என்றேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வரமாட்டாள் என்று. அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தார். உனக்கு அப்போது எந்தக் கல்யாணமும் நிச்சயமாகியிருக்கவில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொன்ன பொய் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அதை உண்மையாக்கிவிட்டால் குத்தல் நின்றுவிடும் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் உனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தேன்.

நம்மைப் போலவே வீடியோ கடை வைத்திருக்கிற ராயக்கோட்டைக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீ டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாய். மாப்பிள்ளைப் பையன் நல்லவன்தான், தலை நிமிராமல் பேசினான். அவன் கேட்ட கேள்வி மூன்று. கம்ப்யூட்டரில் என்ன கார்டு போட்டிருக்கிறீர்கள் என்றான், ஒரு கல்யாணம் கன்வர்ட் பண்ண எத்தனை நாள் என்றான், சத்தம் முன்னாடியும் வாய் பின்னாடியும் போகிறதே, அதற்கு என்ன செய்வது என்றான். நீ மூன்றுக்கும் பதில் சொன்னாய். அவன் அத்தா முகம் மலர்ந்து, "எங்க ஸ்டூடியோ மேலயும் ரூம் கட்டிட்டங்க. ஏசியே போட்டுர்றன். பாப்பா வெளிய வரவே வேணாம், சோறு மேலயே வந்துரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன், அவர்கள் போனதும் மிட்டாய் வாங்கிவரக் கிளம்பினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மா, "பொண்ணு கேட்டு வந்தாங்களா, மிஷினுக்கு ஆள் கேட்டு வந்தாங்களா?" என்றாள். வாயை மூடு என்று கத்தினேன். உன்னிடம் சம்மதமா என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னா சரித்தா" என்றாய். எத்தனை சமத்தான பெண் என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொன்னேன்.

தேன்கனிக்கோட்டை ஹாஜியார் பத்து பயான் சொற்பொழிவுக் கேசட்டைக் கொண்டுவந்து ஒரே சிடியில் கேட்டாரே, அந்த நாளையும் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். வேவ் ஃபைலாக வைத்தால் உள்ளது உள்ளபடி இருக்கும், ஆனால் ஒரு கேசட்டுக்கு ஒரு சிடி வேண்டும். எம்பித்ரீ ஆக்கினால் பத்தும் ஒன்றில் அடங்கிவிடும் என்றாய். அது எப்படி அடங்கும், மந்திரமா என்று கேட்டேன். "காதுக்குத் தெரியாதுன்னு நெனைக்கற சத்தத்த எல்லாம் எடுத்துருதுத்தா" என்றாய். சரி, வேண்டும்போது திருப்பி வேவ் ஆக்கிக்கொள்ளலாமே என்றேன். "ஆக்கலாம். சைஸ் பெருசாயிரும். போனது மட்டும் வராது" என்று சொல்லிவிட்டு நீ வேலையைப் பார்த்தாய். நான் உனக்குச் செய்ததும் அதுதான், மகளே. இது இவளுக்குத் தேவைப்படாது, இது இல்லாவிட்டால் இவளுக்குத் தெரியவா போகிறது என்று நானே முடிவு பண்ணி ஒவ்வொன்றாக எடுத்தேன், என் கடைக்குள் அடங்குகிற அளவுக்கு. இந்த மூன்று வருடத்தை இனி என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைப் பூசி மெழுகவும் நான் விரும்பவில்லை.

புத்தி சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பன் என்ற உரிமையில் ஒன்று இரண்டு சொல்லிக்கொள்கிறேன். எந்த இடத்தில் வேலை செய்தாலும் ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள், நகலைப் போட்டுப் பார்க்காமல் அதை அழிக்காதே என்று நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். யாராவது உன்னிடம் வந்து இது உன் நல்லதுக்குத்தான் என்று சொன்னால், அதில் எதை எடுத்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று கேள். நானாக இருந்தாலும் கேள். முக்கியமாக, "சரித்தா" என்று சட்டென்று சொல்லும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடு. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

இன்று காலை எட்டு மணிக்கே ராயக்கோட்டைக்குப் போய்வந்தேன். மார்க்கெட்டில் தக்காளி லாரிகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். சண்டைக்கு வருவார்கள், நாலு பேர் முன்னால் மானம் போகும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் வேண்டாம், என் மகள் மேலே படிக்கவோ வேலைக்கோ போகப் போகிறாள், வாக்குக் கொடுத்து மாறியது என் தப்பு என்று சொன்னேன். மாப்பிள்ளையின் அத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது போவட்டும் பாய், அல்லா நாட்டம். பாப்பாவ ஒரு பத்து நாள் மட்டும் அனுப்புவீங்களா? எங்க பையனுக்கு அந்த கன்வர்ட்ட சொல்லிக் குடுத்துட்டு வந்துரட்டும்" என்றார். அவருக்கு வருத்தமே இல்லை, பாப்பா. பெண் போனதில் அவருக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. அந்த வீட்டு மாடி அறைக்குத்தான் நான் உன்னை அனுப்ப இருந்தேன். திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இதை அம்மாவிடம் சொல்லாதே.

வந்ததும் அந்தப் பெங்களூர் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். போன வருடம் நான் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அந்த இடத்துக்கு அப்போதே ஆள் எடுத்துவிட்டார்களாம். இன்னும் ஆட்கள் தேவைப்படலாம், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நீ செய்த சிடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் வேறு இடம் பார். உனக்குப் போகவே விருப்பமில்லை, வேறு ஏதாவதுதான் மனதில் இருக்கிறது என்றாலும், அதுவும் உன் இஷ்டம்தான். பெண்கள் பக்கத்து டேப்புகள் ஏழு, உன் மேஜையில் இருந்தன. அத்தனையையும் உன் அம்மாவே அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள், இனி நாங்கள் அந்த வேலை எடுக்கவில்லை என்று. கடை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என் பயம், உன் தலையில் அதை இனி இறக்கமாட்டேன்.

நாளை காலை அம்மா இந்தக் கடிதத்தோடு உன் சர்டிபிகேட்டுகளையும் இரண்டு சிடியையும் எடுத்துக்கொண்டு அங்கே வருவாள். திங்கட்கிழமை காலை அவளே உன்னோடு பெங்களூருக்கு வருவாள். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பஸ் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்கும். நம் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்தான். உனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இப்போதே மனசு அடித்துக்கொள்கிறது. நான் வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தால் நீ இறங்கிவிடுவாய்.

உன் அத்தா